மழை பெய்தால் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி, பயணி பதில்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஃபியோர்ட்லாந்து தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் டவுட்ஃபுல் சவுண்ட் என்ற ஃபியோர்டில் (பனியாறு தோண்டிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம்) வழிகாட்டியுடன் ஒரு பகல் முழுவதும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு செலுத்தியதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயத்தைப் பற்றியவை: தண்ணீர், குளிர், மழை, பூச்சி. மீதி, "அவ்வளவு தூரம் போய்ச் சின்னப் படகில் ஏன் உட்கார வேண்டும்?" என்பது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்தியவள் என்பதால் சில இடங்களில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. கணவர், "பார்த்துக்கொள்ளலாம், வா" என்கிறார். போகலாமா?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

போகலாம். ஆனால் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை நம்பிப் போகாதீர்கள். முன்பதிவு செய்யும்போதே நீச்சல் தெரியாது என்று எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி உண்டு. சிலர் தண்ணீரில் பதறாமல் இருந்தால் போதும் என்பார்கள். சிலர் இன்னும் கடுமையாகக் கேட்பார்கள். பதில் சாதகமாக வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

அங்கே புதியவர்களுக்குக் கொடுப்பது இருவர் அமரும் கடல் கயாக். நம் ஊர்ப் பூங்கா ஏரிகளில் பார்க்கும் பிளாஸ்டிக் படகைவிட மிகவும் நீளமானது, அகலமும் கணிசம். எளிதில் கவிழாது. முன்னால் உட்காருபவர் துடுப்பின் வேகத்தை அமைப்பார். பின்னால் இருப்பவர் கால் மிதியால் சுக்கானைத் திருப்புவார். நீங்கள் முன்னிருக்கையைக் கேட்டு வாங்குங்கள். துடுப்புப் போடுவதைத் தவிர வேறு பொறுப்பு இல்லை, காட்சியும் மறையாது.

இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடைபோல் மாட்டி, அதன் விளிம்பைக் கயாக்கின் திறப்பில் இழுத்துப் பொருத்துவார்கள். தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். கவிழ்ந்தால் மாட்டிக்கொள்வோமோ என்று பலருக்கும் முதலில் தோன்றுவது இந்தப் பாவாடையைப் பார்த்துத்தான். அதன் முன்புறம் ஒரு நாடாவளையம் தொங்கும். அதைப் பிடித்து முன்னே இழுத்தால் முழுதும் கழன்றுவிடும். எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண். கரையிலேயே ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லி, வளையத்தைக் கையால் தேடி இழுக்கவைத்தார். என் தங்கைக்கு முதல் முறை சரியாக வரவில்லை. கை தானாக அங்கே போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அவர் அவசரப்படவில்லை. நல்ல வழிகாட்டியை அந்தக் கரையிலேயே அடையாளம் காணலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அங்கே அஞ்ச வேண்டியது ஆழத்தைவிடக் குளிர். உயிர்காப்பு அங்கி உங்களை மிதக்கவைத்துவிடும். ஆனால் குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு இரைத்து, கட்டுப்பாடு போய்விடும். முதல் ஒரு நிமிடம் வேறு எதுவும் செய்யாமல் மூச்சைச் சீராக்குவதுதான் வேலை. பிறகு வழிகாட்டியின் குரலைக் கேளுங்கள். இந்தப் பயிற்சியைத் தராமல் தண்ணீரில் இறக்கும் நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் அதில் ஏறாதீர்கள்.

வரைபடத்தில் பார்த்தேன். அந்த இடத்துக்குச் சாலையே வந்து சேரவில்லையே, எப்படிப் போனீர்கள்?
(கோவை வாசகர்)

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். டவுட்ஃபுல் சவுண்டின் முனையில் ஒரு சாலை இருக்கிறது, ஆனால் அது நாட்டின் வேறு எந்தச் சாலையோடும் சேராது.

தே அனாவ் என்ற சிற்றூரில் தங்கினோம். குவீன்ஸ்டவுனிலிருந்து அங்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். விடியும் முன்பே கிளம்பி, மானபூரி ஏரிக்கரைக்குப் போனோம். ஏரியின் குறுக்கே மோட்டார் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இந்த ஏரியின் ஆழம் 444 மீட்டர். மேற்பரப்போ கடல்மட்டத்துக்கு மேலே 178 மீட்டரில்தான் இருக்கிறது. அதாவது ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பனியாறு தோண்டிய பள்ளம் அது.

ஏரியின் மேற்குக் கோடியில் இறங்கி ஒரு வேனில் ஏறினோம். அந்த வேனும் ஒரு காலத்தில் மிதவையில் ஏற்றப்பட்டு ஏரியைத் தாண்டி வந்ததுதான். 22 கிலோமீட்டர் மண்சாலை, 671 மீட்டர் உயரமுள்ள வில்மாட் கணவாயைத் தாண்டி, மறுபுறம் டீப் கோவ் என்ற கடல்முனையில் இறங்குகிறது. இறக்கத்தில் ஒரு வளைவில் மேகம் விலகினால் கீழே ஃபியோர்டு தெரியும். எங்களுக்கு விலகவில்லை. வழிகாட்டி வேனை நிறுத்தி, "இந்தப் பக்கம்தான் இருக்கிறது" என்று வெள்ளைப் புகையைக் காட்டினார். எல்லோரும் இறங்கி, அதையும் மரியாதையாகப் பார்த்தோம்.

நான் மேட்டூரில் வளர்ந்தவன். இவ்வளவு தூய்மையான இடத்தில் நீர்மின் நிலையம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது எப்படி அனுமதிக்கப்பட்டது?
(சேலம் வாசகர்)

அணையின் நிழலில் வளர்ந்தவர் கேட்க வேண்டிய கேள்வி.

நான் சொன்ன அந்தச் சாலை சுற்றுலாவுக்காகப் போட்டதில்லை. மானபூரி மின்நிலையத்தின் கனரக இயந்திரங்களைக் கப்பலில் டீப் கோவ் வரை கொண்டுவந்து, மலையைத் தாண்டி ஏரிக்கரைக்கு ஏற்றிச் செல்வதற்காக 1960-களில் வெட்டியது. தொழிலாளர்களுக்குத் தங்க இடம் இல்லாததால் வாங்கனெல்லா என்ற பழைய பயணிகள் கப்பலையே டீப் கோவில் கட்டிப்போட்டு விடுதியாக்கினார்கள். மின்நிலையம் முழுதும் பாறைக்குள், தரைக்குக் கீழே ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்தில் குடைந்தது. ஏரி நீர் செங்குத்தாக அங்கே விழுந்து ஏழு சுழலிகளைச் சுற்றிவிட்டு, மலைக்கு அடியில் 10 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக டீப் கோவில் கடலில் கலக்கிறது. 2002-இல் இரண்டாவது சுரங்கமும் சேர்ந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி தென்கோடியில் உள்ள டிவாய் பாயிண்ட் அலுமினிய ஆலைக்குப் போகிறது.

முதல் திட்டம் இதைவிடக் கொடுமையானது. ஏரியின் மட்டத்தை 30 மீட்டர் வரை உயர்த்தி, கரைக்காடுகளையும் தீவுகளையும் மூழ்கடிக்க நினைத்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 1970-இல் நாடாளுமன்றத்தில் கொடுத்த மனுவில் 2,64,907 கையெழுத்துகள் இருந்தன. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகையே 30 லட்சத்தைத் தொடவில்லை. 1972 தேர்தலில் ஏரியும் ஒரு பிரச்சினையானது. நார்மன் கிர்க் தலைமையில் தொழிற்கட்சி வென்று, ஏரியை உயர்த்துவதில்லை என்ற வாக்கைக் காப்பாற்றியது. மறு ஆண்டே ஏரிகளைக் கண்காணிக்க ஒரு காவலர் குழுவையும் அமைத்தார்கள்.

எனவே மின்நிலையமும் இருக்கிறது, ஏரியும் இருக்கிறது. இது முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சுரங்கங்களிலிருந்து நாள் முழுவதும் கொட்டும் நன்னீர், ஃபியோர்டின் மேல்மட்டத்தை இயற்கையாக இருந்ததைவிட நன்னீராக்கிவிட்டது. மேல்மட்டப் பாறைகளில் ஒட்டி வாழும் கடலுயிர்களின் வாழ்விடம் அதனால் மாறியிருக்கிறது. ஆனால் அந்தக் கரையோரக் காடு இன்று நிற்பதற்கு முன்பின் அறிமுகமில்லாத இரண்டரை லட்சம் பேரின் கையெழுத்து காரணம். ஏரியைத் தாண்டும் அந்த ஒரு மணி நேரமும் நான் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் தண்ணீர் கறுப்பாக இருந்தது. மாசா?
(மதுரையில் 9-ஆம் வகுப்பு படிக்கும் மாணவி)

இல்லை கண்ணே. எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் பிடித்தது உன்னுடையதுதான்.

கையில் அள்ளிப் பார்த்தால் அது கறுப்பு இல்லை. பால் சேர்க்காத தேநீரின் நிறம். நிறம் வந்த வழியும் ஏறக்குறைய அதேதான். சுற்றிலும் செங்குத்தான மலைகள். பாறையின்மேல் மண் கிடையாது என்றே சொல்லலாம். பாசியும் மட்கிய இலையும்தான், அவற்றின்மேல் காடு. மழைநீர் அந்த இலைமட்கின் வழியே ஊறி இறங்கும்போது டானின் என்ற பொருள் கரைந்து வருகிறது. அதனால்தான் பழுப்பு.

இனிதான் சுவையான பகுதி. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஃபியோர்டு காற்றுக்கு ஒதுங்கிய குறுகலான இடம் என்பதால் அலைகள் இரண்டையும் கலக்குவது குறைவு. ஆகவே பழுப்பு நன்னீர் மேலே ஒரு தனி அடுக்காக மிதக்கிறது, சில மீட்டர் தடிமனில். பெருமழைக்குப் பிறகு இன்னும் தடிமனாக. கீழே தெளிந்த உப்புநீர். மேலடுக்கு வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், பத்துப் பதினைந்து மீட்டர் கீழே போனாலே ஆழ்கடலின் இருட்டு வந்துவிடுகிறது. ஆழ்கடல் உயிரினங்கள் அதனால் ஏமாந்து மேலே வந்து குடியேறியிருக்கின்றன! கருப்புப் பவளம் பொதுவாக மிகவும் ஆழத்தில் வளர்வது. அங்கே சாதாரண முக்குளிப்பவர்கள் எட்டிவிடும் ஆழத்தில் மரம்மரமாக நிற்கிறது. அதன் எலும்புக்கூடுதான் கறுப்பு. உயிருள்ள பவளம் பார்க்க வெள்ளையாக இருக்கும். அதன் கிளைகளில் பாம்பு நட்சத்திரம் என்ற உயிரி சுற்றிக்கொண்டு வாழ்கிறது. இந்த விசித்திரத்துக்காகவே 1993-இல் டவுட்ஃபுல் சவுண்டின் ஒரு குறுகிய நீர்வழியைக் கடல் காப்பகமாக அறிவித்தார்கள்.

நீ கயாக்கில் உட்கார்ந்து துடுப்பை நீருக்குள் விட்டால், அலகு முதலில் பொன்னிறமாகும், பிறகு செம்பு நிறம், அப்புறம் காணாமல் போகும். ஒரு துடுப்பின் ஆழத்துக்குள்ளேயே ஒளி எப்படித் தேய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அங்கே போன பிறகு, இனி எவருக்கும் அதை வரைந்து மட்டும் காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபியோர்டுக்கும் நம் கழிமுகங்களுக்கும் என்ன வித்தியாசம்?
(பழவேற்காடு வாசகர்)

கடல் அலைகள் மணலைக் குவித்து அடைத்தது உங்கள் ஊர் நீர்ப்பரப்பு. பனியாறு அரைத்துத் தோண்டியது ஃபியோர்டு. பனி உருகிக் கடல் உள்ளே புகுந்த பிறகு, 40 கிலோமீட்டர் நீளமும் 421 மீட்டர் வரை ஆழமும் கொண்ட பள்ளத்தாக்கு நீருக்குள் போய்விட்டது. வாசலில் பனியாறு விட்டுச்சென்ற மேடு இருப்பதால், உள்ளே ஆழம் அதிகம், வாசலில் குறைவு. உங்கள் ஊரில் காலால் தரையைத் தொட்டு நிற்கலாம். அங்கே கரையைக் கையால் தொட்டுக்கொண்டிருக்கும்போதே படகுக்குக் கீழே நூறு மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடும்.

மழைநாளில் மாட்டிக்கொண்டால் முழுப் பணமும் வீண்தானே? வெயில் வரும் மாதம் எது?
(சென்னை வாசகர், மேலும் பலர்)

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டீர்கள்!

ஃபியோர்ட்லாந்தில் ஆண்டில் சுமார் 200 நாள் மழை. பக்கத்து மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னைக்குச் சுமார் 1,400. டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று முதலில் மோதும் சுவர் அந்த மலைகள். எந்த மாதமும் உத்தரவாதம் இல்லை. வெயிலுக்காகக் காத்திருப்பவர்கள் தவறான இடத்துக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்.

மழையைத் தேடித்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் டீப் கோவிலிருந்து ஹால் ஆர்ம் என்ற கிளைக்குள் துடுப்புப் போட்டோம். காலையில் தூறல், நடுப்பகலில் நல்ல மழை. பெய்யத் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் இரு பக்கச் சுவர்களிலும் அருவிகள் முளைத்தன. வரைபடத்தில் பெயருள்ள அருவிகளைச் சொல்லவில்லை. காலையில் வெறும் பாறைப் பிளவாக இருந்த இடங்கள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டோம். 1,200 மீட்டருக்கு மேல் எழும் கமாண்டர் சிகரத்தின் உச்சி மேகத்துக்குள் இருந்ததால், நீர் வானத்திலிருந்தே நேராக விழுவதாகத் தெரிந்தது. மழை நின்றதும் அவை ஒவ்வொன்றாக மெலிந்தன. மறுநாள் வெயிலில் வந்தவர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சுவர்களில் மரங்கள் நிற்கும் விதத்தையும் பாருங்கள். மண் இல்லாத பாறையில் முதலில் பாசி, பிறகு புதர், அதன்மேல் மரம். வேர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பெருமழையில் நனைந்து கனம் கூடி ஒரு மரம் பிடியை விட்டால், கீழே உள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு சரியும். அதை மரச்சரிவு என்கிறார்கள். சுவரில் நீளமான வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அண்மையில் சரிந்த இடம். இளம்பச்சையாக இருந்தால் பாசி திரும்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். எந்தச் சுவரை ஒட்டிப் போகலாம், எதிலிருந்து விலக வேண்டும் என்று வழிகாட்டி அவ்வப்போது கையசைப்பது இதனால்தான்.

பயணம் ரத்தாவது பெரும்பாலும் காற்றால்தான். அப்படி ரத்தானால் பணம் திரும்புமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் நாளிலும் பிற்பகலில் கடற்காற்று ஃபியோர்டுக்குள் ஏறிவரும். அதனால்தான் அவ்வளவு அதிகாலையில் கிளப்புகிறார்கள்.

உடை: பருத்தியே வேண்டாம். ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்த பருத்தி உடல்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மேலே மழைச்சட்டை. பெரும்பாலான நிறுவனங்கள் இவற்றைக் கொடுத்துவிடுகின்றன. திரும்பி வந்து மாற்ற முழுசாக ஒரு உலர்ந்த உடை, காலுறை உட்பட, வேனில் இருக்கட்டும்.

கழிப்பறை? யாரும் இதை எழுதுவதில்லை.
(தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி)

எழுதத்தான் வேண்டும். இதற்காகவே வராமல் நின்றுவிடும் பெண்களை எனக்குத் தெரியும். படகு ஏறும் இடத்திலும், ஏரியின் மேற்குக் கோடியில் உள்ள பயணியர் மையத்திலும் கழிப்பறை உண்டு. தண்ணீரில் இறங்கிய பிறகு கரையொதுங்கும் இடங்கள் மிகக் குறைவு. சுவர்கள் நேராக நீருக்குள் இறங்குகின்றன. காலையில் வழிகாட்டியிடம் தனியாகக் கேளுங்கள்: எங்கே, எப்போது கரை ஏறுவோம், என்ன ஏற்பாடு என்று. வெட்கப்படாமல் பதில் சொல்வார்கள், அது அவர்கள் வேலையின் பகுதி. இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் துடுப்புப் போடும் உடலுக்குத் தண்ணீர் வேண்டும். மாதவிலக்கு நாளானாலும் போகலாம். பயன்படுத்தியதைக் கட்டி எடுத்துவர ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

டால்ஃபின் நிச்சயம் தெரியுமா?
(பல சிறுவர்கள் சார்பாக ஒரு தந்தை, ஈரோடு)

நிச்சயம் இல்லை. எங்களுக்குத் தெரியவில்லை, பாறையில் படுத்திருந்த ஒரு கடல்நாய் மட்டும் தெரிந்தது.

டவுட்ஃபுல் சவுண்டில் நிரந்தரமாக வாழும் புட்டிமூக்கு டால்ஃபின் கூட்டத்தில் ஏறத்தாழ 60, 70தான் இருக்கின்றன. உலகில் அந்த இனம் நிலையாக வாழும் மிகத் தெற்கு எல்லைகளில் ஒன்று அது. கூட்டம் சிறியது, குட்டிகள் பிழைப்பதும் கடினமாக இருந்திருக்கிறது. அதனால் 2008 முதல், அவை அதிகம் ஓய்வெடுக்கும் கரையோரங்களில் படகுகள் விலகி ஓட ஒரு நடத்தை நெறி வகுத்திருக்கிறார்கள். கயாக்கிலிருந்து டால்ஃபினைத் துரத்துவதும் அவற்றின் வழியில் குறுக்கே போவதும் தவறு. துடுப்பை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். வருவதும் போவதும் அவற்றின் விருப்பம். பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே இதைச் சொல்லிவையுங்கள்.

சாண்ட்ஃப்ளை என்ற பூச்சி கடித்து ரணமாகும் என்கிறார்களே?
(பெங்களூரு வாசகி)

உண்மை. கொசுவைவிடச் சின்னது, கறுப்பானது. பெண் பூச்சி மட்டும் கடிக்கும். அரிப்பு நாள்கணக்கில் நிற்காது. 1773-இல் தெற்கே உள்ள டஸ்கி சவுண்டில் நங்கூரமிட்ட ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கும் இதைப் பற்றிக் கசந்து எழுதியிருக்கிறார். மனிதர் இந்த அழகில் மயங்கி இங்கேயே தங்கிவிடக்கூடாது என்று ஹினே-நுயி-தே-போ என்ற பெண் தெய்வம் இதை ஏவிவிட்டாள் என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபுக்கதை.

நடுநீரில் இது வராது. கயாக்கை ஏற்றி இறக்கும்போதும் மதிய உணவுக்குக் கரை ஒதுங்கும்போதும்தான் மொய்க்கும். வெளிர்நிற முழுக்கை உடை, பூச்சிவிரட்டிக் களிம்பு, தொடர்ந்து அசைந்துகொண்டிருப்பது, இவை போதும். சொறியாதீர்கள்.

சைவ உணவு கிடைக்குமா? புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோகலாமா?
(கும்பகோணம் வாசகர்)

அந்த மலைக்கு அப்பால் உணவகம் எதுவும் இல்லை. முதல் நாளே தே அனாவ் கடைகளில் ரொட்டி, வெண்ணெய், பழம், கொட்டைகள் வாங்கி மதிய உணவு கட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது இருப்பது மிக முக்கியம். நாங்கள் மழையில் நனைந்துகொண்டே குடித்த ரசம் பக்கத்துக் கயாக்குக்கும் போயிற்று.

விமான நிலையத்தில் கவனம் தேவை. நியூசிலாந்தில் உணவுப்பொருள் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் சோதித்துப் பார்ப்பார்கள், அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் ஓர் ஆப்பிள் அகப்பட்டாலும் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, தேன் இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மண் ஒட்டிய காலணியைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோங்கள். இந்தக் கெடுபிடியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். டிடிமோ என்ற பாசி 2004-இல் அந்நாட்டின் ஆற்றில் முதன்முதலாகத் தென்பட்டது, இதே மானபூரியிலிருந்து வெளியேறும் வையாவ் ஆற்றில்தான். இப்போது ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கயாக், காலணி எல்லாவற்றையும் பார்த்து, கழுவி, உலர்த்த வேண்டும் என்பது அங்கே பழக்கமாகிவிட்டது.

பெரிய கப்பலில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு பார்த்தால் போதாதா? அதே மலைதானே?
(சிங்கப்பூர் வாசகர்)

முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கப்பலில் போகட்டும், குறையே இல்லை. கப்பல் வாயிற்பக்கம் வரை போய்த் திறந்த கடலையும் காட்டும். கயாக்கில் ஒரு பகலில் அவ்வளவு தூரம் முடியாது.

உங்களால் துடுப்புப் பிடிக்க முடியும் என்றால் ஒரு வரலாறு சொல்கிறேன். 1770 மார்ச்சில் கேப்டன் குக் இந்த வாசலைக் கண்டார். உள்ளே போனால் வெளியே வரக் காற்று உதவாது என்று கணக்கிட்டுக் கப்பலைத் திருப்பிக்கொண்டார். 23 ஆண்டுகள் கழித்து, 1793 பிப்ரவரியில் மலஸ்பினா என்ற தளபதியின் ஸ்பானியக் கப்பல்கள் வந்தன. அவையும் வெளியேதான் நின்றன. ஃபெலிப்பே பௌசா என்ற வரைபடக்காரர் ஒரு சிறு படகில் ஏறி, துடுப்புப் போட்டு உள்ளே போய் அளந்து வரைந்துவந்தார். பௌசா தீவு, ஃபெப்ரெரோ முனை, மலஸ்பினா ரீச் என்று ஸ்பானியப் பெயர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அதற்கெல்லாம் வெகுமுன்பே மாவோரிகள் தங்கள் வள்ளங்களில் அந்தக் கரைகளை அறிந்திருந்தார்கள்.

சிறுபடகில் கிடைப்பது இதுதான்: உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு கை உயரத்தில் இருக்கிறது. சுவரை ஒட்டிப் போனால், அலையேற்றக் கோட்டுக்குக் கீழே சிப்பிகள், மேலே ஈரப் பாசி, அதன்மேல் பெரணி, அதற்கும் மேலே மரம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். கை நீட்டிப் பாசியைத் தொடலாம். வழிகாட்டி எங்கள் கயாக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, துடுப்பை மடியில் வைத்து, பேசாமல் இருக்கச் சொன்னார். இயந்திரம் ஓடாத அந்த நேரத்தில் எந்த அருவி அருகில், எது தொலைவில் என்று காதால் பிரித்துச் சொல்ல முடிந்தது. கப்பல் தளத்தில் இது கிடைக்காது. ஆண்டு முழுதும் பாடம் நடத்தியும் ஒரு பனியாற்றுப் பள்ளத்தாக்கின் அளவை நான் உடம்பால் உணர்ந்தது அங்கேதான், மில்ஃபோர்டின் கூட்டமான படகுத்துறையில் இல்லை.

படம் எடுக்கக் கைபேசி கொண்டுபோகலாமா?
(நெல்லை வாசகர்)

நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் கிடையாது. வீட்டில் இருப்பவர்களிடம் மாலைவரை பேச முடியாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். விரல் விறைத்துப் போவதால் நிறைய எடுக்கவும் முடியாது.

அம்மாவுக்கு 62 வயது. நடைப்பயிற்சி உண்டு, ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. எப்போது, எப்படி அழைத்துப்போவது?
(யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மகள்)

முதலில் அம்மாவிடம் கேளுங்கள், பிறகு அவருடைய மருத்துவரிடம். இருவரும் சரி என்றால் வயது தடையில்லை. எங்கள் குழுவில் என்னைவிட மூத்தவர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான்கைந்து மணி நேரம் துடுப்புப் போட வேண்டியிருக்கும், இடையிடையே ஓய்வோடு. புறப்படும் முன் ஒரு மாதம் தோளுக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். காலை நீட்டித் தரையில் வெகுநேரம் உட்கார்ந்து பழகுவதும் உதவும், கயாக்கில் அப்படித்தான் உட்கார வேண்டும். மாத்திரை ஒரு வேளைக்குக் கூடுதலாக, நீர்புகாப் பையில் இருக்கட்டும், வழிகாட்டியிடமும் தெரிவித்துவிடுங்கள்.

பெரும்பாலான கயாக் பயணங்கள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, அங்கே இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை. டிசம்பர், ஜனவரியில் நெரிசல், விலையும் கூடும். பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் என் தேர்வு. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே வருகை விசா வேண்டும், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விசா கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட், அதன்பின் கயாக். தே அனாவில் குறைந்தது மூன்று இரவு தங்குமாறு திட்டமிடுங்கள். காற்றால் ஒரு நாள் ரத்தானால் மறுநாள் இருக்கும்.